பத்து நிமிடத்தில் எழுந்துபோன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை என்னோடு உட்கார்ந்து 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' என்ற பழைய இத்தாலியத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியைப் பத்து நிமிடம் பார்த்தாய். "என்னக்கா, மேடை நாடகத்தை கேமராவில் பிடிச்ச மாதிரி இருக்கு, பேசிக்கிட்டே இருக்காங்க" என்று எழுந்துபோய்விட்டாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. ஒரு வாரமாக மனசுக்குள் அதையேதான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னது உண்மைதான். இத்தாலியில் ராய் என்ற அரசு ஒளிபரப்பு நிறுவனம் 1954 ஜனவரி 3 அன்று தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே 'டாக்டர் அந்தோனியோ' என்ற பழைய நாவலைத் தொடராக்கிவிட்டார்கள். ஒளிநாடா வராத காலம். அரங்குக்குள் நடிப்பதெல்லாம் அப்படியே நேரலையாகப் போகும். நடித்தவர்களில் பலர் மேடையில் வளர்ந்தவர்கள். 1959இல் தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவல் தொடராக வந்தபோது நாயகன் மிஷ்கினாக ஜோர்ஜோ அல்பெர்தாத்ஸி, அவன் எதிராளி ரகோஜினாக இளைஞரான ஜியான் மரியா வொலோந்தே. அந்த இரண்டு முகங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், வேறு என்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பேச்சை யார் கேட்டார்கள் என்று யோசித்துப் பார். 1951 கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்தவர்களிலும் நிறைய பேர் வீட்டில் பேசியது அந்தந்த ஊர் வழக்கைத்தான். பள்ளியில் கற்ற இத்தாலிய மொழி புத்தகத்தில் இருந்தது, வாயில் இல்லை.

இந்தக் கவலை 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' நாவலை எழுதிய மன்ட்சோனிக்கும் இருந்தது. மிலான்காரர். அவர் வாய்க்குப் பழக்கமானவை மிலான் பேச்சும் பிரெஞ்சும்தான். இந்த நாவலை 1827இல் வெளியிட்ட பிறகும் அதன் மொழி அவருக்கு நிறைவு தரவில்லை. ஃப்ளாரன்ஸுக்குப் போய் அங்கே மக்கள் பேசுவதைக் காதால் கேட்டு, வரிவரியாகத் திருத்தி, 1840இலிருந்து 1842 வரை மறுபடி வெளியிட்டார். ஃப்ளாரன்ஸில் ஓடும் ஆர்னோ ஆற்றில் துணி அலசியதாக அவர் இதைச் சொன்னார். ஒரு தேசம் முழுக்கப் பேசக்கூடிய மொழியில் கதை சொல்ல வேண்டும் என்பதற்கு அத்தனை பாடு. ஆனாலும் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் புத்தகம் எட்டவில்லை.

1967 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை இரவு, சாந்த்ரோ போல்கி இயக்கிய அந்தத் தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. மொத்தம் எட்டுப் பகுதிகள். அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ரிக்கார்தோ பாக்கெல்லியே பெரிய நாவலாசிரியர். அதனால்தான் கதைசொல்லியின் குரலை அவர்கள் வெட்டி எறியவில்லை. மன்ட்சோனி ஆசைப்பட்ட மொழி அன்றைக்குத்தான் குரலாக வீட்டுக்குள் வந்தது என்று நான் நம்புகிறேன். அவர்கள் பேசிக்கொண்டே இருப்பது எனக்கு ஏன் சலிக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

நீ பார்த்த பத்து நிமிடத்தில் பாதிரியார் தோன் அப்போந்தியோவை இரண்டு அடியாட்கள் மடக்கினார்களே, "இந்தக் கல்யாணம் நாளைக்கும் நடக்கக் கூடாது, என்றைக்கும் நடக்கக் கூடாது" என்று. அப்போது பாதிரியாராக நடித்த தீனோ கர்ராரோ முகத்தைக் கவனித்தாயா? பயம் ஒன்று, அந்தப் பயத்தை மறைக்கப் பார்க்கிற பணிவு ஒன்று. வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் இரண்டில் ஒன்றுதான் தெரிந்திருக்கும்.

எல்லாமே இப்படி நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத் தொடர்கள் சிலவற்றில் அழுகை கொஞ்சம் அதிகம். அது போகட்டும்.

அடுத்த ஞாயிறு வா. அந்தக் கல்யாணப் பெண் லூசியாவைக் கடத்தி வைத்திருக்கும் பெயரில்லாப் பிரபு தூக்கம் வராமல் புரளும் இரவை மட்டுமாவது பார். சல்வோ ரந்தோனே நடித்தது. அப்புறம் நேரம் இருந்தால் 1968இல் வந்த 'ஒடிஸி'யில் ஒரு பகுதியின் தொடக்கம். எண்பது வயதுக் கவிஞர் உங்காரெத்தி கேமராவைப் பார்த்து, நடுங்கும் குரலில் ஹோமரின் வரிகளை வாசிக்கிறார். அவர் முடிக்கும் வரை எழுந்துபோகாமல் இரு.

அன்புடன்,
அக்கா