குற்றப் பின்னணிக் கேள்வியை முதல் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்: கொழும்பு முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கும் மனிதவளப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

புறக்கோட்டை மொத்தக் கடைகள், பேலியகொடை, வத்தளைப் பக்கத்துக் களஞ்சியசாலைகள், இரத்மலானைத் தொழிற்சாலைகள் என்று இந்த நகரத்தில் ஆள் எடுப்பவர்கள் நீங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு நல்ல ஆட்கள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள், இருக்கிறவர்களும் நிலைத்து நிற்பதில்லை என்று நீங்கள் சொல்லாத கூட்டம் இல்லை. அது உண்மைதான். ஆனால் வேலை கேட்டு வாசலுக்கு வருகிறவர்களில் பழைய வழக்கில் தண்டனை பெற்றவர்களை முகம் பார்க்காமலே திருப்பி அனுப்புவதும் நீங்கள்தான்.

சென்ற மாதம் வட கொழும்பில் ஒரு களஞ்சியசாலையில் எட்டு மாதம் வேலை பார்த்த ஒருவர் நிறுத்தப்பட்டார். வேலையில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. நிரந்தரமாக்குவதற்காகக் கேட்ட கிராம உத்தியோகத்தர் சான்றிதழில் பழைய வழக்கொன்று தெரிந்தது. அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் வைத்திருந்ததாக வழக்கு. தண்டப்பணம் கட்ட வழியில்லாததால் சிறைக்குப் போனவர் அவர். அன்று யாராவது அந்தக் காசைக் கைமாற்றாகக் கொடுத்திருந்தால் சிறை வாசலையே அவர் பார்த்திருக்க மாட்டார். இவர் ஒருவர் கதை மட்டுமல்ல இது. இந்த நாட்டில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்களே.

நாங்கள் கேட்பது இதுதான்: குற்றப் பின்னணி பற்றிய கேள்வியை முதல் விண்ணப்பப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆளைத் தெரிவுசெய்த பிறகு கேளுங்கள்.

கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றிதழை நீங்கள் அனைவரும் கேட்கிறீர்கள். அதை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், எத்தனை வருடம் அந்தப் பிரிவில் வசிக்கிறார் என்பதெல்லாம் வந்த பிறகு, நீதிமன்றத்தால் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவரா என்று ஒரு வரி வரும். அதில் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோதான் எழுத முடியும். என்ன குற்றம், எந்த வருடம், என்ன தண்டனை என்று அந்த வரி கேட்பதில்லை. கொலை வழக்கில் தண்டனை பெற்றவருக்கும், இருபது வயதில் கசிப்புப் போத்தலோடு பிடிபட்டுத் தண்டம் கட்டியவருக்கும் ஒரே பதில். குடித்துவிட்டு வாகனம் ஓட்டி நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிய முகாமையாளரும் சட்டப்படி அந்த வரியில் 'ஆம்' போடவேண்டியவர்தான். அவரை யாரும் கேட்பதில்லை. பிரதேச செயலாளர் மேலொப்பமிட்டால் அந்தத் தாள் ஆறு மாதத்துக்குச் செல்லும். ஆறு மாதம் கழித்து மறுபடி போனால் மறுபடி அதே வரி, அதே பதில். பத்து வருடம் ஒழுங்காக வாழ்ந்திருந்தாலும் அந்த வரி மாறாது.

விடுதலையாகி வருகிற பலரிடம் அடையாள அட்டையும் இருப்பதில்லை. தொலைந்த அட்டைக்குப் பதில் அட்டை எடுக்கப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும், பிறகு ஆட்பதிவுத் திணைக்களம். அட்டை வராமல் வங்கிக் கணக்கு இல்லை. வங்கிக் கணக்கு இல்லாமல் உங்கள் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாது. ஆகவே தயவுசெய்து அட்டை கைக்கு வரும்வரை விண்ணப்பித்த பற்றுச்சீட்டை ஏற்றுக்கொண்டு, முதல் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். உங்களுக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை.

'நாங்கள் எடுக்கிறோமே' என்று சிலர் சொல்வீர்கள். எடுக்கிறீர்கள். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி வேலைக்கு, லொறியில் கிளீனராக, கட்டட வேலையில் நாள் கூலியாக எடுக்கிறீர்கள். அங்கே யாரும் பொலிஸ் அறிக்கை கேட்பதில்லை. நியமனக் கடிதமும் கொடுப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் கட்டவேண்டிய 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதமும் அவர் பெயரில் போவதில்லை. முதுகு உடைய உழைக்க நம்பலாம், பதிவேட்டில் பெயர் எழுத நம்ப முடியாது என்றால் அதை எச்சரிக்கை என்று நாங்கள் ஏற்கமாட்டோம்.

உங்கள் பயங்களை நாங்கள் தள்ளிவிடவில்லை. காசுப் பெட்டி, மருந்துக் களஞ்சியம், சிறுவர் பராமரிப்பு போன்ற இடங்களில் சில வழக்குகள் கட்டாயம் கணக்கில் எடுக்கப்படவேண்டியவை. பணமோசடியில் தண்டனை பெற்றவரைக் காசாளராக வைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அதே ஆளைத் தச்சுப் பட்டறையில் வைப்பதற்கு என்ன தடை? வெலிக்கடைச் சிறையில் தச்சும் தையலும் அச்சு வேலையும் வெதுப்பக வேலையும் பழகியவர்கள் வெளியே வருகிறார்கள். தண்டனை முடியாத கைதிகளையே பகலில் வெளி வேலைக்கு அனுப்பும் திட்டம் சிறைச்சாலைகள் திணைக்களத்திடம் உண்டு. கைதியாக இருக்கும்போது வேலைக்குத் தகுதியானவர், விடுதலையான பிறகு தகுதியற்றவர் ஆவது எப்படி என்று யாராவது விளக்கவேண்டும்.

காப்புறுதியைக் காரணம் காட்டுகிறவர்கள், ஊழியரின் களவு, மோசடியால் வரும் இழப்பை ஈடுசெய்யும் ஊழியர் நேர்மை உத்தரவாதக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். பொதுவாக அதில் இருக்கும் விலக்கு, நேர்மையீனம் இருந்ததென்று உங்களுக்குத் தெரிந்த ஊழியரைப் பற்றியது. அடிதடி வழக்குக்கும் கசிப்பு வழக்குக்கும் அது பொருந்துமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கேட்காமலே 'காப்புறுதி விடாது' என்று சொல்லும் பழக்கம் இந்த நகரத்தில் மிகப் பரவலாக இருக்கிறது.

முதல் படிவத்தில் கேட்பதால் என்ன நடக்கிறது? உண்மையை எழுதியவரின் தாளை ஒரு எழுதுவினைஞர் ஓரமாக வைத்துவிடுகிறார்; நேர்முகத்துக்கு அழைப்பே போகாது. பொய் எழுதியவர் உள்ளே வருகிறார். நேர்மையானவரை வடிகட்டி வெளியே தள்ளும் கேள்வியை நேர்மையைச் சோதிக்க வைத்திருக்கிறீர்கள்.

செய்யவேண்டியது பெரிய வேலை அல்ல. படிவத்தில் அந்த வரி வேண்டாம். நேர்முகம் நடத்தி, வேலை தெரிந்தவரா என்று பார்த்து, பின்னணி சரிபார்ப்புக்கு உட்பட்டது என்று எழுதி நியமனத்தைக் கொடுங்கள். அதற்குப் பிறகு சான்றிதழ் கேளுங்கள். 'ஆம்' என்று வந்தால் மூன்று விடயம் பாருங்கள்: என்ன குற்றம், எவ்வளவு காலம் ஆயிற்று, இந்த வேலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா. வழக்குத் தீர்ப்பின் பிரதியைக் கொண்டுவர அவருக்கு இரண்டு வாரமாவது அவகாசம் கொடுங்கள். புதுக்கடை நீதிமன்றப் பதிவறையில் பழைய பிரதி எடுப்பது ஒரு நாள் வேலை அல்ல. அவர் வாயால் சொல்வதையும் கேளுங்கள். வேலை கொடுக்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அந்தச் சான்றிதழும் தீர்ப்புப் பிரதியும் ஒருவரின் பூட்டிய இலாச்சிக்குள் இருக்கட்டும். மேற்பார்வையாளரிடம் போகவேண்டாம், சாப்பாட்டு அறைக்கு வரவே வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்றத் தீர்ப்பு விபரங்களை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. பிணையில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் நிலையத்தில் கையொப்பமிட வேண்டியிருந்தால், திகதிகளை முன்கூட்டியே வாங்கி வேலை முறையை மாற்றிக் கொடுங்கள். சொல்லாமல் வேலைக்கு வராமல் நிற்கும் நாட்களில் சில இதனால்தான்.

இன்னொன்று. விளக்கமறியலில் இருந்ததும் தண்டனை பெற்றதும் ஒன்றல்ல. நமது சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விளக்கமறியல் கைதிகள், தீர்ப்பே வராதவர்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின்படி குற்றத்தீர்ப்புப் பதியாமலே நீதவான் எச்சரித்து விடுவிக்கலாம். அப்படி விடுபட்டவர் அந்த வரியில் 'இல்லை' என்று எழுத உரிமையுள்ளவர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வருடக்கணக்காக உள்ளே வைத்து, வழக்கே இல்லாமல் விடப்பட்ட தமிழ் இளைஞர்கள் எத்தனை பேர் என்பது தமிழ் முதலாளிமாருக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 'உள்ளே இருந்தவன்' என்ற ஒரு சொல்லால் அவர்களை நீங்களும் கழித்துவிடுவதுதான் எங்களுக்கு ஆற்றாமை.

அரசியலமைப்பின் 89ஆம், 91ஆம் உறுப்புரைகளைப் பாருங்கள். கடுமையான குற்றத்துக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறையிருந்தவர், தண்டனை முடிந்து ஏழு வருடத்துக்கு வாக்களிக்கவும் பாராளுமன்றம் போகவும் தகுதியிழக்கிறார். ஏழு வருடம் கழிந்தால் அந்தத் தடை நீங்குகிறது. நாட்டுக்குச் சட்டம் இயற்றத் தடை இல்லாதவருக்குக் களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கத் தடை இருக்கிறது. பிரித்தானியாவில் பழைய தண்டனைகளைக் குறித்த காலத்தின் பின் சொல்லாமல் விட இடமளிக்கும் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 1998இல் இந்தக் கேள்வியை முதல் படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும். ஆனால் உங்கள் படிவத்தை மாற்ற எந்தச் சட்டமும் தேவையில்லை.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறோம்: அடுத்த தடவை படிவம் அச்சிடும்போது அந்த வரியை எடுத்துவிடுங்கள். முதலில் ஒரு பிரிவில், களஞ்சியத்திலோ பொதிசெய்யும் இடத்திலோ, ஆறு மாதம் செய்து பாருங்கள். வரவு, விலகல், இழப்பு மூன்றையும் மற்றப் பிரிவுகளோடு ஒப்பிட்டு, எங்கள் பேச்சு பிழையென்று கண்டால் எங்களுக்கு எழுதுங்கள். எட்டு மாதம் வேலை செய்த அந்த ஊழியரை மறுபடி அழைக்கும்படி அந்த நிறுவனத்தையும் இதன் மூலம் கேட்டுக்கொள்கிறோம். அவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
விடுதலையானவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் பணியில் உள்ளவர்கள்,
கொழும்பு 13.