உன் கிரகத்தில் சோறு ஆக்குவது யார்?

அன்புள்ள மகள்,

நீ அனுப்பிய கதையை இரண்டு இரவாக வைத்து வாசித்தேன். பெண்கள் ஆளும் கிரகம், ஆணின் பெயரில் சொத்து எழுதக் கூடாது என்ற சட்டம், தாயிடமிருந்து மகளுக்கே போகும் வீடுகள். உன் வயதில் எனக்கு இப்படி நினைக்கக்கூடத் தெரியாது. உன்னைக் கேட்டுத்தான் இந்தப் பதிலை எல்லோரும் வாசிக்கப் போடுகிறேன். எழுத ஆசைப்படும் வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால் அதிகாரமும் அவளிடம் என்று எழுதியிருக்கிறாய். மகள், அந்தக் கிரகம் நம்முடைய மட்டக்களப்புத்தான். குடி, அதாவது நம் குலவழி, நமக்குத் தாய்வழி. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனம். தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை, முஸ்லிம் ஊர்களிலும், இந்த வழக்கம் இருக்கிறது. ஆனால் அதே தாய்க் குடியின் பெயரால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக இருப்பது யார்? மாமன். அவருக்குப் பிறகு அவருடைய சகோதரியின் மகன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். மாமா லொறி வாங்கக் காசு தேவைப்பட்டது. அம்மம்மாவின் வீட்டை ஈடு வைப்பதென்று விறாந்தையில் நாலு ஆண்கள் கதைத்து முடித்தார்கள். நொத்தாரிசும் வந்திருந்தார். எல்லாம் எழுதி முடிந்த பிறகுதான் அம்மம்மாவைக் கூப்பிட என்னைக் குசினிக்கு அனுப்பினார்கள். தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைநாட்டு வைத்தார். திரும்பிப் போய் மிச்சப் பாதியைத் திருவினார். எவ்வளவு காசு, எத்தனை வருஷம் என்று வீட்டுக்காரியிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அரசாங்கத்தின் காகிதமும் இதற்குக் குறைந்ததல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிக்குப் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு யாருக்கென்று, குறிக்காமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளில் ஆணுக்கே முன்னுரிமை, அதிலும் மூத்தவருக்கு. மகளுக்கு வீடு கொடுக்கும், வாவிக்கு மேற்கே உள்ள நம் படுவான்கரையிலும் அதுதான் சட்டமாக இருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற வங்காளப் பெண் 1905இல் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் இதழில் வெளியானது. அதிலும் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. ஆனால் குசினியைப் பார், அங்கே புகையும் இல்லை, கரியும் இல்லை. சூரிய வெப்பத்தில் சமையல். சமைப்பதும் பிள்ளை பார்ப்பதும் ஆண்கள். பெண்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒன்றில் மேகத்திலிருந்து பலூன் வழியாகத் தண்ணீர் எடுக்கும் வழியையும், மற்றதில் வெயிலின் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் வழியையும் கண்டுபிடிக்கிறார்கள். எதிரி படையெடுத்து வந்து ஆண்கள் தோற்றபோது, கல்லூரித் தலைவி 2,000 மாணவிகளோடு போய் அந்த வெப்பத்தையே படைமீது திருப்பி விரட்டுகிறார். சோறு சமைக்கிற அதே சூடு! இதை எழுதியவர் பள்ளிக்கூடம் போனதில்லை, வீட்டிலேயே மற்றவர்களுக்குத் தெரியாமல் அண்ணனிடம் ஆங்கிலம் படித்தவர். 1911இல் கல்கத்தாவில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவரும் அவர்தான்.

அவருடைய நாட்டில் முதலில் பெண்ணுக்குப் படிப்பு வந்தது, அந்தப் படிப்புத்தான் பிறகு நாட்டையே அவள் கையில் கொடுத்தது. உன் நாட்டிலோ எடுத்த எடுப்பிலேயே ராணி சிம்மாசனத்தில் இருக்கிறாள். அவள் சபை கூட்டும் இரவில் அத்தனை பேருக்கும் சாப்பாடு வருகிறது. யார் ஆக்கியது? 'பணிப்பெண்கள் பரிமாறினார்கள்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டாய். அந்தப் பெண்களில் ஒருத்திக்குப் பெயர் வை. சபையில் என்ன முடிவெடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியுமா, தெரிந்தால் அவள் என்ன செய்வாள் என்று எழுது. எனக்கு ராணியைவிட அவளைத்தான் தெரிய வேண்டும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழாவுக்கு வரும்போது திருத்தின கதையைக் கொண்டு வா. ஈடு மீட்ட அந்தப் பழைய உறுதிப் பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன். அம்மம்மாவின் பெருவிரல் அடையாளத்தைச் சுற்றி எத்தனை ஆண்களின் கையெழுத்து இருக்கிறதென்று நீயே எண்ணிப் பார்.

அன்புடன்,
சின்னம்மா