ஓரத்துக் கோரையைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்

குமரி மாவட்டத்தில் குளம் தூர்வாரும் இளைஞர் மன்றத்தாருக்கும் பாசன சங்கத்தாருக்கும்,

வணக்கம். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து, பேச்சிப்பாறை அணை திறக்குமுன் குளங்களில் ஹிட்டாச்சி இறங்கும். ஆகாயத்தாமரையை வேரோடு அள்ளுங்கள், மறுபேச்சே இல்லை. கூடவே கரையோரக் கோரையையும் மொத்தமாக வழித்துவிடுகிறீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

அந்தக் கோரைக்குள் ஒரு குட்டித் தட்டான் உண்டு. அறிவியல் பெயர் அசிசோமா பனோர்பாய்டஸ். 1842இல் ராம்பூர் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. முழு நீளம் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஆணுக்கு வெளிர்நீல உடம்பில் கருப்புக் கிறுக்கல். பெண்ணுக்கு நீலத்துக்குப் பதில் மஞ்சள்பச்சை. வயிறு முன்பக்கம் உப்பி, கடைசியில் சட்டென்று ஊசியாய் ஒடுங்கும். அந்த வாலை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு அடையாளம் தப்பாது.

"எங்கும் இருக்கிற பூச்சிதானே?" என்பீர்கள். நியாயம்தான். இந்தியா, இலங்கை தொடங்கி தைவான், பிலிப்பைன்ஸ், ஜப்பானின் ஒகினாவா வரை உண்டு. ஆப்பிரிக்காவில் இருப்பதும் இதே இனம் என்றுதான் முன்பு எண்ணியிருந்தார்கள். 2016இல் ஆராய்ந்தபோது, அசிசோமா வகையில் இரண்டே இனங்கள் என்று நினைத்தவை ஆறு இனங்களாகின. நம்முடையது ஆசியாவோடு நின்றது. (மடகாஸ்கரில் உள்ள ஒன்றுக்கு டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தார்கள், அவரது 90ஆம் பிறந்தநாளையொட்டி.) அழியும் ஆபத்திலுள்ள இனமும் இல்லை.

ஆனாலும் வரைபடத்தில் வண்ணம் பூசிய இடமெல்லாம் அது இருந்துவிடாது. பருவமழையோடு கூட்டமாக வருகிற மஞ்சள் தட்டான் இந்தியப் பெருங்கடலையே தாண்டும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இந்தக் குட்டியோ செடிகளை ஒட்டித் தாழப் பறப்பது. செடி அடர்ந்த, ஓடாத தண்ணீரில் முட்டையிடும். இளம்பூச்சி அந்தச் செடிகளுக்குள்ளேயே கிடந்து கொசுப்புழு போன்றவற்றைத் தின்று வளரும். இறக்கை விரிக்கும் நாளில் ஏதாவது ஒரு தண்டைப் பிடித்து நீருக்கு வெளியே ஏறியாக வேண்டும். வழித்தெடுத்த கரையில் எதைப் பிடித்து ஏறும்?

சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் குளங்கள் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிவிட்டன. ஊர்க்குளங்களுக்குக் காவல் நீங்கள்தான்.

ஒரே ஆண்டில் எல்லாக் கரையையும் தொடாதீர்கள். மடைக்கும் மறுகாலுக்கும் விலகி, ஆழமில்லாத ஒரு மூலையில் பத்தடி அகலத்துக்குக் கோரையும் அல்லியும் நிற்கட்டும். அடுத்த முறை அதை வெட்டிக்கொள்ளலாம். அதற்குள் இந்த முறை வெட்டிய பக்கம் முளைத்திருக்கும். வண்டி இறங்குமுன்பே கயிறு கட்டி ஓட்டுநரிடம் காட்டிவிடுங்கள். இறங்கிய பிறகு அந்தச் சத்தத்தில் யார் சொன்னாலும் அவர் காதில் விழாது.

இப்படிக்கு,
இராஜாக்கமங்கலம் பக்கத்து ஊர்க்காரன்