ஸ்டோக் ரோ பொதுக்கிணறு: திருப்பணி நிறைவு அறிக்கை, 1864

உறுப்பினர்களுக்கு வணக்கம். 1863 மார்ச்சில் தொடங்கிய கிணற்று வேலை முடிந்து, விக்டோரியா மகாராணியார் பிறந்தநாளான மே 24 அன்று கிணறு திறக்கப்பட்டது.

நம் ஊர் இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளின் உச்சியில் இருக்கிறது. மேலே சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண், அதன்கீழ் கனத்த சுண்ணப்பாறை. பெய்கிற மழையைச் சுண்ணப்பாறை உறிஞ்சி ஆழத்துக்கு இறக்கிவிடுவதால் இங்கே ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை. களிமண் குட்டைகளில் தேங்கிய கலங்கல் தண்ணீரும் கோடையில் வற்றிவிடும். வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்ட சிறுவன் அடி வாங்கிய கதையை, பக்கத்து இப்ஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் இந்தியாவில் பணியிலிருந்தபோது காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் சொன்னார். ரீட் 1831-இல் இந்தியாவின் அசம்கரில் கிணறு வெட்ட உதவியவர். அதை மனத்தில் வைத்தே மகாராஜா இந்தக் கொடையைத் தந்தார். ஊரில் வரி வசூலிக்கவில்லை.

ஆழம் 368 அடி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உயரம் 365 அடிதான் என்றால் கணக்குப் புரியும். குறுக்களவு 4 அடி. அந்தக் குழிக்குள் இரண்டு பேர் சேர்ந்து கடப்பாரை வீச முடியாது. முழுவதும் கைவேலை. குழியின் அளவை மட்டும் பார்த்தாலே ஏறக்குறைய 4,600 கன அடி மண்ணும் பாறையும் வாளி வாளியாக மேலே வந்திருக்கின்றன. இவ்வளவு ஆழத்தில் கெட்ட காற்று தேங்கும். மேலிருந்து நழுவும் சிறு கல்கூட ஆளைக் கொல்லும். மேல்மட்டக் களிமண் நனைந்தால் சரியும் என்பதால் அங்கே செங்கல் சுவர் தவிர்க்க முடியாதது.

இறைக்கும் இயந்திரம் வாலிங்ஃபோர்டு ஊரில் உள்ள வைல்டர் பட்டறையில் செய்தது. ஒரு வாளி மேலே வர 10 நிமிடம் ஆகும். சுற்றும்போது கைப்பிடியை விட்டுவிடாதீர்கள்: நிறைந்த வாளி கீழே பாய்ந்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும்.

23 அடி உயரக் குவிமாடத்தைப் பார்த்து இது கோயிலா என்று கேட்பவர்கள் உண்டு. கிழக்கத்திய பாணி, அவ்வளவுதான். அருகிலேயே கிணற்றுக் காவலருக்கு ஒரு சிறு வீடு.

கிணற்றுச் செலவு 353 பவுண்டைத் தாண்டியது. பராமரிப்புக்குப் பக்கத்திலேயே செர்ரித் தோட்டம். பெயர் ஈஸ்வரி பாக். பழம் விற்ற காசு கிணற்றுக்குப் போகும். தண்ணீருக்குக் காசு கிடையாது, யார் வந்தாலும்.