பாக்டீரியா பெட்டியும் பயிலரங்கும்: ஐந்தாவது புகார்க் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஒரு காலனிகூட (தட்டில் புள்ளியாகத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்) தராத மரபணுப் பயிற்சிப் பெட்டி, கையில் எதையும் கொடுக்காத செய்முறைப் பயிலரங்கு ஆகியவை குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதற்கு முன் நான்கு கடிதம் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே தானியங்கிப் பதிலும், கூடவே ஒரு புதுப் புகார் எண்ணும் வந்தன. எந்த எண்ணைச் சொன்னாலும் "அது க்ளோஸ் ஆயிடுச்சு மேடம்" என்கிறார்கள். எதைப் பார்த்து மூடினீர்கள் என்று கேட்டால் பாட்டு போட்டுவிடுகிறார்கள்.

பச்சையாக ஒளிரும் பாக்டீரியா செய்யும் உங்கள் பெட்டியை எட்டுக் குழுக்களுக்கு வாங்கினோம். அது என்ன, எப்படி வேலை செய்யும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி. உங்கள் தொழில்நுட்ப உதவி எண்ணில் பேசியவரிடம் "கண்ட்ரோல் தட்டு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது, சரியாக வந்திருக்கிறது" என்று சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில்: "கண்ட்ரோல் உங்க கையிலதானே மேடம் இருக்கணும்? பசங்களைக் கண்ட்ரோல் பண்ணுங்க, ரிசல்ட் தானா வரும்." பின்னால் யாரோ சிரித்தார்கள். பெயரைக் கேட்டேன், வைத்துவிட்டார்.

அவருக்காக அல்ல, பதிவுக்காக எழுதுகிறேன். ஆம்பிசிலின் என்ற பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இல்லாத தட்டில் பாக்டீரியா பாய் விரித்த மாதிரி வளர்ந்திருந்தது. ஆக, செல்கள் உயிரோடுதான் இருந்தன. பிளாஸ்மிட் (ஒளிரும் மரபணுவையும் ஆம்பிசிலினைத் தாங்கும் மரபணுவையும் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) சேர்க்காத செல்கள் ஆம்பிசிலின் தட்டில் வளரவில்லை, எனவே மருந்தும் சரி. மிச்சமிருந்த பிளாஸ்மிட்டை, டிஎன்ஏவை மின்சாரத்தால் நகர்த்திப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினேன், பட்டை தெளிவாக விழுந்தது, அதுவும் சரி. டிஎன்ஏ செல்லுக்குள் போவதற்காக 42 டிகிரி நீரில் 50 விநாடி, உடனே பனியில் என்று உங்கள் கையேட்டில் இருந்தபடியே செய்தோம். வெப்பமானியை நானே பிடித்திருந்தேன், ஒரு மாணவன் விநாடிகளை உரக்க எண்ணினான். அப்படியும் பிளாஸ்மிட் சேர்த்த செல்கள் ஆம்பிசிலின் தட்டில் ஒரு காலனிகூடத் தரவில்லை. ஒரு குழு தவறலாம், இரண்டு தவறலாம். எட்டும், என் கையால் செய்த ஒன்பதாவதும் சேர்ந்தா தவறும்? டிஎன்ஏவை உள்ளே வாங்கும் திறன் அந்தச் செல்களுக்கு இல்லை. அது வழியிலேயே போய்விட்டது.

எப்படிப் போனது என்பதும் தெரியும். உலர்பனியில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) அனுப்புவதாக ரசீதிலேயே போட்டிருக்கிறீர்கள். உலர்பனி உருகித் தண்ணீராவதில்லை, நேரடியாக வாயுவாகத்தான் போகும். நான் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தபோது அடியில் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் நின்றது. குழாய்களின் லேபிள் ஊறி உரிந்து மிதந்தது. நீங்கள் வைத்தது சாதாரண ஐஸ். இதைச் சொன்னதற்கும் அதே ஆள்தான், "மிச்சத்தை ஃப்ரீசர்ல வெச்சு மறுபடி ட்ரை பண்ணுங்க" என்றார். ஒருமுறை உருகிய காம்பிடன்ட் செல்லை (டிஎன்ஏவை உள்ளே வாங்கும்படி தயார்செய்த செல்) திரும்ப உறையவைக்கக் கூடாது என்று உங்கள் கையேட்டிலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தத் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வரச் சொன்னது நீங்கள்தான், மின்னஞ்சல் இருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண் பெட்டியைத் தொடக்கூட இல்லை. "புகார் எல்லாம் ஆன்லைன்லதான் மேடம்." அதிகாரி? "புதன்கிழமை மட்டும்தான் வருவார்." நான் போனது வியாழன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. உங்கள் நிறுவனத்திடமிருந்து எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

பயிலரங்கைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது இதற்கு முன்னால் நடந்தது. "ஒவ்வொரு மாணவரும் தன் கையால் செய்வார்" என்று விளம்பரத்தில் போட்டீர்கள். 24 மாணவர்களுக்கு மூன்று மைக்ரோபிப்பெட் (மிகச் சிறு அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி). அதில் ஒன்று இரண்டாவது அழுத்தத்தில் சிக்கிக்கொண்டு திரும்பவே இல்லை. ஒரு மாணவி கையுறை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றாள். கடைசியில் "நேரமாயிடுச்சு, திரையில பாத்துக்கோங்க" என்றார் உங்கள் பயிற்றுநர். கையுறையைக் கழற்றியபோது விரல் நுனியெல்லாம் வேர்வையில் சுருங்கியிருந்தது. ஜெல் குழியில் ஒரு துளி நீலச் சாயம்கூட அவள் இறக்கவில்லை. ஆசிரியர்களுக்கான பகுதி இன்னும் மோசம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள், பயிற்சி அதற்குப் பிறகுதான். பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், பெட்டி வந்ததும் வகுப்பிலேயே செய்துகொள்ளலாம் என்றுதான். பாக்டீரியாவை ஒளிரவைக்கும் அந்தப் பச்சைப் புரதத்தை ஜெல்லிமீனிலிருந்து ஷிமோமுரா என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்ததையும் அதற்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்ததையும் ஒரு வாரம் முன்பே கதையாகச் சொல்லி ஆசையை ஏற்றிவிட்டிருந்தேன். அன்று ஜன்னலெல்லாம் அடைத்து இருட்டாக்கி, புறஊதா விளக்கைப் போட்டேன். தட்டுகள் இருட்டாகவே கிடந்தன. சத்தமே இல்லை. அப்புறம் ஒருவன் மெதுவாக, "மிஸ், என் சட்டைதான் மின்னுது" என்றான். வெள்ளைச் சட்டைகள் எல்லாம் நீலமாக ஒளிர்ந்தன. சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டிக்கு நன்றி. உங்கள் பெட்டியை வைத்து நான் நடத்திய ஒரே வெற்றிகரமான சோதனை அதுதான்.

இந்த 24 பேரில் ஒருவர்கூட இனி மரபியல் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். ஒரு தலைமுறை விஞ்ஞானிகளையே இழந்துவிட்டோம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

தயவுசெய்து இரண்டு காரியம் செய்யுங்கள். உண்மையான உலர்பனியில், பள்ளி வேலை நாளில் வந்து சேரும்படி, புதுச் செல்களை அனுப்புங்கள். இரண்டு பேருக்கு ஒரு பிப்பெட் வீதம் பயிலரங்கை மறுபடி நடத்துங்கள். இல்லையென்றால் எங்கள் பணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை, உங்கள் ஜெல் பெட்டி நல்ல பெட்டி, ஆறு வருடமாக ஓடுகிறது. ஆனால் 15 நாளில் ஒரு மனிதர் எழுதிய பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ரசீது, தட்டுகளின் படங்கள், தண்ணீர் நின்ற பெட்டியின் படம், நான்கு புகார் எண்கள் எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை

பி.கு.: பணம் திரும்ப வேண்டுமென்றால் பொருளைப் பிரிக்காத நிலையில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நேற்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. தட்டுகளை விதிப்படி ப்ளீச்சில் ஊறவைத்து அழித்துவிட்டேன். தெர்மாகோல் பெட்டி மட்டும் இருக்கிறது. வேண்டுமானால் ஒரு புதன்கிழமை பார்த்துக் கொண்டுவருகிறேன்.