ஞாயிறு பெயிண்ட் அடிக்கும் முன் பிரைமர்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் அடிக்கப் பாளையங்கோட்டைக்கு வருகிறவர்கள், உங்கள் பிளாஸ்டிக் மாடலுக்கு முந்தின நாளே பிரைமர் (பெயிண்ட் நன்றாகப் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள்.

போன மாதம் அவசரத்தில் அதை விட்டுவிட்டேன். மாஸ்கிங் டேப்பை உரித்ததும் டாங்கியின் பச்சை நிறம் வெங்காயத் தோல் மாதிரி கூடவே வந்துவிட்டது. மூன்று வார வேலை, மனசே ஆறவில்லை. வெறும் பிளாஸ்டிக்கில் அக்ரிலிக் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.

முதலில் பாத்திர சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பாகங்களை வார்த்த அச்சின் எண்ணெய்ப் பசையும் கைப் பிசுக்கும் போய்விடும். நன்றாகக் காயட்டும். அப்புறம் பிரைமர் ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு. ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் சின்ன ரிவெட் (ஆணித்தலை) புடைப்பெல்லாம் அமுங்கிவிடும்.

நம்ம ஊர் உச்சி வெயிலில் வேண்டாம். துளிகள் காற்றிலேயே காய்ந்து, மேற்பரப்பு மணல் தாள் போலச் சொரசொரப்பாகிவிடும். ஐப்பசி ஈரக்காற்றிலும் வெளிறிப்போகலாம். காலை எட்டு மணி மொட்டைமாடி சரியாக இருக்கும். மாஸ்க் போடுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

சாம்பல் நிறம் எதற்கும் பொருந்தும், ஒட்டுவாய் இடைவெளியையும் காட்டிக்கொடுக்கும். மஞ்சள், சிவப்பு அடிப்பதாக இருந்தால் வெள்ளை. பிரைமர் கிடைக்காதவர்கள் இங்கேயே சொல்லுங்கள், என்னிடம் ஒரு டப்பா இருக்கிறது.