கிடைக்காதவர்களின் கணக்கையும் காட்டுங்கள்

கைபேசி விளையாட்டு நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். உங்கள் விளையாட்டில் காசு கட்டித் திறக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அந்த அரிய வாள் கிடைக்க நீங்கள் வைத்திருக்கும் வாய்ப்பு 1% தான் என்பதை உங்களுக்கே விளக்கத் தேவையில்லை. என் மாணவன் ஒருவனுக்கு உங்கள் உதவிப் பிரிவு போன மாதம் அனுப்பிய பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

300 பெட்டிகளுக்கு மேல் திறந்தும் அவனுக்கு வாள் வரவில்லை. ஏதும் பிழையா என்று கேட்டிருக்கிறான். "இவ்வளவு முயன்றுவிட்டீர்கள், இனிக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், தொடருங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. இது பொய். உங்கள் விதிப்படியே ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி. 301ஆவதற்கும் அதே 1% தான். அந்தப் பதிலை நம்பி, வகுப்புக்கென்று அம்மா கொடுத்த காசையும் ரீலோட் போட்டு முடித்துவிட்டான். அப்புறம் இரண்டு கிழமையாக வகுப்புப் பக்கமே வரவில்லை, காசு கேட்பேன் என்ற பயம். வீதியில் என்னைக் கண்டு ஒதுங்கியவனை நிறுத்திக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "எனக்கு ராசி இல்லை சேர்" என்றான்.

ராசி அல்ல, கணக்கு. 1% என்றால் 100 பெட்டிக்குள் ஒன்று நிச்சயம் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு பெட்டியில் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. அதையே 100 முறை பெருக்கினால் சுமார் 0.366. அதாவது 100 பெட்டி திறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோருக்கு வெறுங்கைதான். 300 பெட்டி என்றால் 100 பேரில் ஏறக்குறைய 5 பேர். 500 வரை போகும் ஒரு லட்சம் பேரில் 650 பேருக்கு மேல் ஒன்றுமே கிடைக்காது. அவர்கள் யார் யார் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அப்படி இத்தனை பேர் இருப்பார்கள் என்பது விளையாட்டை வெளியிடும் முன்பே தெரியும். தெரிந்துகொண்டே அவர்களிடம் "தொடருங்கள்" என்கிறீர்கள்.

ஆகவே 1% என்பதோடு சேர்த்து, 100, 300, 500 பெட்டிகளுக்குப் பிறகும் கிடைக்காதோர் எத்தனை வீதம் என்பதையும் போடுங்கள். இத்தனையாவது பெட்டியில் கட்டாயம் கிடைக்கும் என்று ஓர் எல்லையும் வையுங்கள். செய்ய முடியாத காரியம் இல்லை: கென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டில் 90 முறைக்குள் ஐந்து நட்சத்திரப் பொருள் ஒன்று வந்தே தீரும். இப்படிப் பொருள் கிடைக்கும் வாய்ப்பு விகிதங்களை வெளியிடுவதைத் தென்கொரியா 2024 மார்ச் முதல் சட்டமாகவே ஆக்கிவிட்டது. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியமா? தீபாவளிச் சலுகை, புத்தாண்டுச் சலுகை எல்லாம் தமிழில் வந்து விழுகின்றன. விகிதம் மட்டும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், எங்கோ உள்ளே கிடக்கிறது. வாங்கச் சொல்லத் தமிழ் தெரிந்தவர்களுக்கு எச்சரிக்கத் தெரியாதா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: கிடைக்காதவர்களின் கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். அந்தப் பதில் பிழையானது என்று என் மாணவனுக்கு ஒரு வரி எழுதுங்கள். அதை நம்பி அவன் கட்டிய காசையும் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்,
கொழும்பு 13